மந்திரி வழியாக

தாடையைக் கட்டுவதற்குக் கறுப்புத் துணி அகப்படவில்லை. செவேரினா மரப்பெட்டியைக் கட்டில் ஓரமாக இழுத்துவைத்து அடிவரை துழாவினாள். மகன் செத்தபோது வாங்கிய கறுப்புச் சால்வை அடியில் மடித்தபடியே இருந்தது. அதைத் தொட்டவள் கையை எடுத்துக்கொண்டாள். அடுப்படிக்குப் போய் மாவு சலிக்கிற வெள்ளைத் துணியில் ஒரு கீற்றுக் கிழித்து வந்து, அண்ணனின் தாடைக்கு அடியில் கொடுத்து உச்சந்தலையில் முடிச்சுப் போட்டாள். முன்னாள் ஜனாதிபதி எலியோதோரோ வில்கா பல்வலிக்காரர் மாதிரி படுத்திருந்தார்.

கட்டிலுக்கு அடியிலிருந்து நாயின் மூக்கு மட்டும் வெளியே தெரிந்தது.

"வெளிய வா, மந்திரி. இனிமே உனக்கு இங்க உத்தியோகம் இல்ல."

நாய் அசையவில்லை.

பக்கத்து வீட்டுப் பெத்ரோனா கதவைத் தட்டாமல் உள்ளே வந்தாள். மலைக்காரர்கள் வெற்றிலை மாதிரி மெல்லுகிற கோக்கா இலையைக் கன்னத்தில் அடக்கியிருந்தாள். வாசற்படி தாண்டியதும் நின்றுவிட்டாள். கட்டில் பக்கம் பார்க்காமல் சுவரைப் பார்த்துப் பேசினாள்.

"போயிட்டானா?"

"விடியக் கருக்கல்ல."

"கஷ்டப்பட்டானா?"

"மூச்சுக்கு ரொம்ப அலைஞ்சார்."

"நல்லது," என்றாள் பெத்ரோனா. கொஞ்சம் பொறுத்து, "என் புருஷனுக்கு அலையக்கூட நேரம் கிடைக்கல" என்றாள்.

செவேரினா அடுப்படிக்குப் போனாள். தண்ணீர்ப் பானையை அடுப்பில் ஏற்றினாள். அந்த மலைக்குளிரில் தண்ணீர் சூடாவதற்குள் ஒரு சாவையே பேசி முடித்துவிடலாம்.

எலியோதோரோவும் அந்த ஊர்ச் சுரங்கத்துப் பிள்ளைதான். அப்பனோடு வெள்ளீயப் பாறையில் துளை போட்டவர். இருபது வயதில் தொழிற்சங்கத்துப் படியில் ஏறி நின்று பேசினார். முப்பதில் சிறை, அப்புறம் நாடு கடத்தல், திரும்பி வந்து செனட். ஐம்பதில் தோளுக்குக் குறுக்கே ஜனாதிபதியின் மூவர்ணப் பட்டை. அன்றைக்கு ஊரே லாரிகளில் தலைநகருக்குப் போய் அரண்மனை வாசலில் ஆடியது. துளை போட்ட கை ஒன்று நாட்டின் சாவியைப் பிடித்துவிட்டது என்று கிழவர்கள்கூட அழுதார்கள். செவேரினா அன்றைக்குத் தைத்துப் போட்ட பச்சைப் பாவாடையை அப்புறம் ஒரு நாளும் உடுத்தவில்லை.

மூன்றாம் வருஷம் வெள்ளீயத்தின் விலை விழுந்தது. கடன் கொடுத்த வெளிநாட்டுக்காரர்கள் சுரங்கத்தை மூடு என்றார்கள். ஊர் வேலைநிறுத்தம் செய்தது. ஜனாதிபதி பட்டாளத்தை அனுப்பினார். கால்பந்து மைதானத்தில் கூடியிருந்த கூட்டத்தின் மேல் பட்டாளம் சுட்டது. செத்தவர்களில் ஒருவன் செவேரினாவின் மகன் நிகானோர். பட்டை போட்டிருந்தவரின் சொந்தத் தங்கை மகன். அவர் தூக்கி வளர்த்தவன்.

சங்கத்துப் படியில் மகனின் சவப்பெட்டி இருந்தபோதுதான் செவேரினா சொன்னாள்: "இந்த வாயால இனி அவர்கிட்ட ஒரு வார்த்தை பேச மாட்டேன். பேசினா இந்த நாக்கு அழுகட்டும்." ஊர் முழுவதும் கேட்டது.

அப்புறம் அவர் பதவி போய், ஹெலிகாப்டரில் தப்பி, வழக்கு நடந்து, மன்னிப்புக் கிடைத்து, பெண்டாட்டி பிள்ளைகளை அயல்நாட்டில் விட்டுவிட்டுத் தன்னந்தனியாய் நெஞ்சு நிறையச் சுரங்கத் தூசியோடு வந்து இறங்கியபோது, ஊரில் ஒரு கதவும் திறக்கவில்லை. செவேரினா கதவைத் திறந்தாள். வாசலில் நின்ற அண்ணனைப் பார்க்காமல், அவர் பின்னால் வந்து காலடியில் புரண்ட தெரு நாய்க்குட்டியைக் குனிந்து பார்த்தாள்.

"உள்ள வரச் சொல்லு. கதவு திறந்திருந்தா குளிர் வருது."

அன்றைக்கே குட்டிக்குப் பேர் வந்துவிட்டது. ஜனாதிபதிக்கு மந்திரி இல்லாமல் எப்படி?

அதிலிருந்து அந்த வீட்டில் எல்லாப் பேச்சும் மந்திரி வழியாகத்தான்.

"மந்திரி, உங்க ஜனாதிபதிகிட்ட சொல்லு. சூப் ஆறுது."

"மந்திரி, வீட்டம்மாகிட்ட சொல்லு. உப்பு பத்தல."

"உப்புக்கு உத்தரவு போடச் சொல்லு. போட்டுப் பழக்கம்தானே."

எலியோதோரோ சிரிப்பார். சிரித்தால் இருமல் வரும். இருமல் நிற்கும்வரை செவேரினா முதுகைத் தேய்த்துவிடுவாள், வேறு பக்கம் பார்த்துக்கொண்டு.

ஒரு தரம்தான் அவர் அந்த நாளைப் பற்றிப் பேசினார். மழைக்காலம். உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தாள்.

"மந்திரி, வீட்டம்மாகிட்ட சொல்லு. நான் சுடச் சொல்லல. ஒழுங்கு பண்ணுங்கன்னுதான் சொன்னேன்."

கத்தி நின்றது. தோல் பாதியில் தொங்கியது.

"மந்திரி, ஒழுங்கு ஆயிடுச்சுன்னு சொல்லு."

அதற்கப்புறம் அந்தப் பேச்சு இல்லை. அவள் காத்திருந்தது வேறு வார்த்தைக்கு. அது வரவில்லை. விலையைப் பற்றிப் பேசினார், கடன்காரர்களைப் பற்றிப் பேசினார், பொய்த் தகவல் கொடுத்த தளபதியைப் பற்றிப் பேசினார். போன வாரம் மட்டும், மூச்சு ஏறி இறங்குகிற நடுவில், நாயின் காதைப் பிடித்துக்கொண்டு கேட்டார்: "மந்திரி, நிகானோர் இருந்திருந்தா இப்ப நரைச்சிருக்கும் இல்ல?" செவேரினா விளக்கை அணைத்துவிட்டாள்.

நேற்று ஒன்று சொன்னார். "மந்திரி, என்னைத் தலைநகருக்குக் கொண்டுபோக விடாதேன்னு சொல்லு. அப்பாவக் கூப்பிட்ட மாதிரி, சங்கத்துப் படியில என் பேரைக் கூப்பிடணும்."

அதற்கும் அவள் பதில் சொல்லவில்லை. இப்போது பதிலைக் கேட்க ஆள் இல்லை.

"என்னடி யோசிக்கற?" என்றாள் பெத்ரோனா. "ரேடியோல சொல்லிட்டான். தலைநகர்லேர்ந்து வண்டி கிளம்பிடுச்சாம். தூக்கிட்டுப் போகட்டும். விட்டது சனியன்."

"படியில பேர் கூப்பிடணும்னார்."

பெத்ரோனா இப்போதுதான் கட்டிலைத் திரும்பிப் பார்த்தாள். "நம்ம படியிலயா? அந்தப் படியிலயா?"

"ம்."

"கூப்பிட்டா 'இருக்கார்'னு யாருடி பதில் சொல்லுவா? நானா? நீயா?"

அடுப்பில் தண்ணீர் முனக ஆரம்பித்தது.

மதியத்துக்கு மேல் அரசாங்க வண்டி வந்தது. அதற்குப் பின்னால் கண்ணாடி வைத்த சவ வண்டி. இறங்கியவர் டாக்டர் லிஸாராஸு. வக்கீலுக்குப் படித்தவர்களையும் அங்கே டாக்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். பளபளக்கும் காலணி. முற்றத்தில் காலை எங்கே வைப்பது என்று பார்த்துப் பார்த்து வந்தார். வந்தவர் நின்றார். மந்திரி ஒரு பழைய சுரங்கத் தொப்பியில் தண்ணீர் நக்கிக்கொண்டிருந்தது. தொப்பியின் நெற்றியில் மங்கிய எழுத்தில் எ. வில்கா.

"இது... அவரோடதா தாயி?"

"ஆமா."

"இது அருங்காட்சியகத்துல இருக்க வேண்டிய பொருளாச்சே!"

"அங்க நாய் இருக்கா?" என்றாள் செவேரினா.

பெத்ரோனா சால்வை நுனியால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

டாக்டர் தொண்டையைச் செருமினார். அரசு மரியாதை, பீரங்கி முழக்கம், நாட்டுத் தலைவர்களின் மண்டபத்தில் இடம், தலைநகரில் ஒரு தெருவுக்குப் பேர் என்று வரிசையாய்ச் சொன்னார். கையில் புதுப் பட்டுப் பட்டை ஒன்று மூவர்ணத்தில் மடித்திருந்தது. அதை உடம்பின் மேல் சாத்த வேண்டும், அனுமதி தர வேண்டும் என்றார்.

"இப்ப திடீர்னு எதுக்கு மரியாதை? இத்தனை நாள் இருமிக்கிட்டுக் கிடந்தப்ப ஒரு ஈ காக்கா வரல."

"காலம் மாறிடுச்சு தாயி. மக்கள் சமாதானத்தை விரும்பறாங்க."

"தேர்தல் வருது," என்றாள் பெத்ரோனா சுவரைப் பார்த்து.

"உங்க தலைவர் பேசுவாரா?" என்றாள் செவேரினா.

"கண்டிப்பா. பேச்சு தயார் பண்ணியாச்சு. சுரங்கத்துல ரத்தம் சிந்தின தலைவர்னு—"

"யாரோட ரத்தம்?"

டாக்டர் பட்டையின் மடிப்பைச் சரிசெய்தார்.

"மைதானத்தைப் பத்தி அந்தப் பேச்சுல இருக்கா?"

"அந்தத் துயரமான சம்பவத்தைப் பத்தி... எல்லாருமே அதுல பாதிக்கப்பட்டவங்கதான், தாயி. அவரும்தான். அப்படி ஒரு வரி இருக்கு."

செவேரினா எழுந்தாள். டாக்டர் கையிலிருந்த பட்டையை வாங்கி, விரித்து, இரண்டு பக்கமும் பார்த்தாள். நல்ல நெசவு. நான்காய் மடித்துத் திருப்பிக் கொடுத்தாள்.

"இது அவர் தோள் மேல கிடந்தப்பதான் என் பையன் செத்தான். எடுத்துக்கிட்டுப் போங்க. இவர் இங்கதான் கிடப்பார்."

"அம்மா, இங்க யாரும் தூக்க மாட்டாங்க. விசாரிச்சிட்டுத்தான் வந்தேன்."

அந்த நேரத்தில்தான் பெத்ரோனாவின் மகன் அகபீத்தோ வந்தான். சங்கத்துச் செயலாளர். சுரங்கத்திலிருந்து நேராக வந்திருந்தான். முகத்தில் சாம்பல் பூத்திருந்தது. மைதானத்தில் அப்பன் தமாசோ விழுந்தபோது அவன் அம்மா வயிற்றில் இருந்தான்.

"தாயி, சங்கத்துல பேசினோம்."

"உட்காரு."

"உட்காரல." நின்றபடியே சொன்னான். "நிலத்துக்கு அடியில ஒரு நாள் இறங்கினவன் செத்தாலும் சங்கத்துச் சங்கு ஊதணும், நாலு பேர் தூக்கணும், படியில வெச்சுப் பேர் கூப்பிடணும். விதி. யாரா இருந்தாலும்."

"யாரா இருந்தாலுமா?" என்று சீறினாள் அவன் அம்மா.

"விதிய நான் எழுதல, அம்மா. அப்பாவும் சேர்ந்து எழுதினதுதான். ஆனா கேளுங்க தாயி. கூப்பிடத்தான் விதி. பதில் சொல்லணும்னு யாரையும் கட்டாயப்படுத்த முடியாது. மூணு தரம் கூப்பிடுவேன். மூணாவதுக்குள்ள ஒரு குரலாவது 'இருக்கார்'னு சொல்லணும். சொல்லலேன்னா பெட்டி நம்ம இடுகாட்டு மண்ணுக்கு வராது. முன்ன ஒரு கருங்காலி செத்தப்ப அப்படித்தான் ஆச்சு. பொண்டாட்டிக்காரி கழுதையில கட்டிக் கொண்டுபோனா."

"யார் குரல் வேணும்?"

"யார் குரலும் ஆகும்."

"நாய் குலைச்சா கணக்குல சேருமா?" என்றாள் பெத்ரோனா.

அகபீத்தோவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டான். "மனுஷ வார்த்தை வேணும், அம்மா."

டாக்டர் லிஸாராஸுவுக்கு முகம் தெளிந்தது. "ரொம்ப நல்லது. நாளைக்கு வரைக்கும் நாங்க இங்கயே இருக்கோம். யாரும் பதில் சொல்லலேன்னா, எங்க வண்டி தயாரா நிக்கும்."

அவருக்கும் தெரிந்திருந்தது. ஊரில் எவனும் வாயைத் திறக்க மாட்டான் என்று.

இருவரும் போனதும் பெத்ரோனா கேட்டாள். "எதுக்குடி இந்த வீம்பு? பாசமா?"

"பாசமா?" செவேரினா அந்த வார்த்தையை வாயில் போட்டு மென்று பார்த்தவள் மாதிரி இருந்தாள். "அங்க போனா பீரங்கி சத்தம்தான் கேட்கும். நிகானோர் பேரை அங்க யாரு சொல்லப்போறா? தமாசோ பேரை யாரு சொல்லப்போறா? மண்டபத்துல பளிங்குக்கு அடியில நிம்மதியாத் தூங்கிடுவார். இங்க கிடக்கட்டும். என் பையன் கால்மாட்டுல கிடக்கட்டும்."

பெத்ரோனா வெகுநேரம் இலையை மென்றாள். பிறகு எழுந்து, கட்டிலண்டை போய், செத்தவரின் கால்களை ஒன்றாய்ச் சேர்த்துக் கயிறு போட்டுக் கட்டினாள். கொஞ்சம் இறுக்கியே கட்டினாள்.

மறுநாள் சங்கு ஊதியது. தூக்க நாலு பேர் வந்தார்கள். சீட்டுக் குலுக்கியதில் பேர் விழுந்தவர்கள். நாலு முகமும் புளித்துப்போயிருந்தது.

"லாட்டரி ஒரு நாளும் அடிச்சதில்ல," என்றான் ஒருவன் பெட்டியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு. "அடிச்சுது பாரு."

"அவரோட சுரங்கத் தொப்பி வேணும் தாயி," என்றான் அகபீத்தோ. "பெட்டி மேல வைக்க."

செவேரினா முற்றத்துக்குப் போனாள். மந்திரி குடித்து மிச்சம் வைத்த தண்ணீரைக் கொட்டினாள். பாவாடை ஓரத்தால் தொப்பியை உள்ளும் புறமும் துடைத்துக் கொண்டுவந்து பெட்டி மேல் வைத்தாள். ஈரம் பலகையில் வட்டமாய்ப் படிந்தது.

சங்கத்து வாசலில் ஊர் கூடியிருந்தது. வேண்டாதவன் சாவுக்குத்தான் கூட்டம் அதிகம் வரும். பெண்கள் தொப்பியைக் கண்வரை இழுத்துவிட்டு நின்றார்கள். ஆண்கள் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். சதுக்கத்தின் அந்தப் பக்கம் கண்ணாடி வண்டியும், அதன் பக்கத்தில் டாக்டரும். காற்று புழுதியைக் கிளப்பிக்கொண்டிருந்தது. பெட்டியைப் படியில் இறக்கினார்கள். செவேரினா கீழ்ப்படியில் நின்றாள். மந்திரி அவள் காலோடு ஒட்டி உட்கார்ந்தது.

அகபீத்தோ தொப்பியைக் கழற்றினான்.

"தோழர் எலியோதோரோ வில்கா!"

காற்று மட்டும். யாரோ ஒருவன் இருமிவிட்டு, அதுவே பதிலாகிவிடுமோ என்று வாயைப் பொத்திக்கொண்டான்.

அகபீத்தோ விதிப்படி பொறுத்தான். இரண்டாவது தரம் வாயைத் திறக்கப் போனான். அதற்குள் கூட்டத்தின் நடுவிலிருந்து ஒரு கிழட்டுக் குரல் வந்தது. பெத்ரோனா.

"தோழர் தமாசோ யூக்ரா!"

ஒரு கணம் யாருக்கும் புரியவில்லை. அப்புறம் ஊர் முழுக்கச் சேர்ந்து, நெஞ்சிலிருந்து:

"இருக்கார்!"

சங்கத்துத் தகரக் கூரை அதிர்ந்தது. அகபீத்தோ அப்பன் பேரைக் கேட்டு உதட்டைக் கடித்துக்கொண்டான். தடுக்கவில்லை.

"நிகானோர்!" என்றாள் பெத்ரோனா.

"இருக்கான்!"

அப்புறம் அவள் கூப்பிட வேண்டியிருக்கவில்லை. ஆளுக்கு ஒரு மூலையிலிருந்து கூப்பிட்டார்கள். மைதானத்தில் விழுந்தவர்கள் அத்தனை பேரும் ஒவ்வொருவராய் வந்தார்கள். புருஷன் பேர், தம்பி பேர், ஆரஞ்சு விற்க வந்தவளின் பேர், பந்து பொறுக்க ஓடிய பிள்ளையின் பேர். ஒவ்வொரு பேருக்கும் ஊர் பதில் சொன்னது. பெட்டி படியில் கிடந்து எல்லாவற்றையும் கேட்டது. எழுந்து போக வழியில்லை, ஹெலிகாப்டர் இல்லை.

பேர்கள் தீர்ந்தபோது ஊர் களைத்துப்போயிருந்தது.

"தோழர் எலியோதோரோ வில்கா," என்றான் அகபீத்தோ இரண்டாவது தரம். குரல் தாழ்ந்திருந்தது.

ஒருவரும் வாய் திறக்கவில்லை. சதுக்கத்துக்கு அந்தப் பக்கம் சவ வண்டியின் எஞ்சினை உயிர்ப்பித்தார்கள். டாக்டர் லிஸாராஸு பட்டையின் மடிப்பைப் பிரித்துக் கையில் தொங்கவிட்டார்.

செவேரினா பெட்டியைப் பார்த்தாள். இதே படி. இதே கல். இங்கே நின்றுதான் நாக்கு அழுகட்டும் என்று சொன்னாள். சுற்றி நிற்கிற எல்லோரும் அதைக் கேட்டவர்கள். கேட்காதவர்களுக்கு அவர்களின் அம்மாக்கள் சொல்லியிருப்பார்கள். எல்லாக் கண்ணும் இப்போது அவள் வாயின் மேல்தான் இருந்தது.

"தோழர் எலியோதோரோ வில்கா!"

மூன்றாவது.

வண்டி மெதுவாய் நகர்ந்து சதுக்கத்துக்குள் வந்தது.

செவேரினா குனிந்தாள். முட்டி மடங்க நேரமாயிற்று. நாயின் காதை இரண்டு விரலால் பிடித்தாள். அவர் பிடிக்கிற அதே இடத்தில்.

"மந்திரி," என்றாள். சத்தமாய்த்தான் சொன்னாள், கடைசி வரிசைவரை கேட்டது. "செயலாளர்கிட்ட சொல்லு. இருக்கார்னு சொல்லு. எங்கயும் போகல, இங்கதான் இருக்கார்னு சொல்லு."

மந்திரி அவளை நிமிர்ந்து பார்த்தது. வாலை ஒரு தரம் தரையில் அடித்தது.

ஒருவரும் சிரிக்கவில்லை. அகபீத்தோ அம்மாவைப் பார்த்தான். பெத்ரோனா வாயிலிருந்த இலைச் சக்கையைத் துப்பிவிட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அகபீத்தோ தொப்பியைத் தலையில் வைத்தான்.

"கேட்டாச்சு," என்றான். "தூக்குங்கப்பா."

சவ வண்டி பின்வாங்கி வழி விட்டது.

கசடு மேட்டுக்குப் பின்னால் இருந்த இடுகாட்டில், நிகானோரின் கால்மாட்டில் குழி வெட்டியிருந்தார்கள். தொப்பியையும் பெட்டியோடு இறக்கினார்கள். செவேரினா தன் பங்கு மண்ணைப் போட்டாள். கூடவும் இல்லை, குறையவும் இல்லை. அழவில்லை. பெத்ரோனா அவள் முழங்கையைப் பிடித்துக் கல் இடறாமல் கூட்டிவந்தாள். வழியில் ஒன்றே ஒன்றுதான் சொன்னாள்: "நாக்க நீட்டு. பார்ப்போம்." செவேரினா நீட்டினாள். "நல்லாத்தான் இருக்கு," என்றாள் பெத்ரோனா.

வீட்டில் அடுப்பு அணைந்திருந்தது. செவேரினா சுள்ளி வைத்து ஊதினாள். நேற்றைய சூப்பைச் சுடவைத்து, தனக்கு ஒரு கிண்ணத்தில் ஊற்றினாள். இன்னொரு கிண்ணத்தையும் எடுத்து ஊற்றிய பிறகுதான் கை நின்றது. பிளவு விட்ட அவருடைய மண் கிண்ணத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். உப்பு ஒரு சிட்டிகை கூடப் போட்டாள். முற்றத்தில் தண்ணீர்த் தொப்பி இருந்த இடத்தில் கொண்டுபோய் வைத்தாள்.

"மந்திரி. சூப் ஆறுது."

நாய் எழுந்தது. கிண்ணத்தைத் தாண்டிப் போய், மூடியிருந்த அவர் அறைக் கதவின் முன்னால் உட்கார்ந்து, காதைத் தூக்கி வைத்துக்கொண்டது.